ஏழாவது கேள்விக்குத் தனித்தாள்

படிவத்தில் ஏழாவது கேள்விக்கு இரண்டு வரிதான் இடம் விட்டிருக்கிறார்கள். என் எழுத்து கொஞ்சம் பெரிசு. நாற்பது வயதை நெருங்கும்போது எழுத்துப் படித்தவன் கை அப்படித்தான் இருக்கும். இடம் போதாவிட்டால் தனித்தாளில் எழுதிச் சேர்க்கலாம் என்று குமாஸ்தா சுப்பிரமணி சொன்னார். அதனால் இந்தத் தாள்.

கேள்வி இதுதான்: மனுதாரரின் உயிருக்கு யாரால், என்ன காரணத்தால் ஆபத்து உள்ளது?

ஐயா, என் பெயர் கலியன். கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே ஆதிநாராயணன் என்கிற நிலச்சுவான்தாரிடம் முப்பது வருஷம் வேலை செய்தேன். போன ஆடியில் முதலாளி காலமாகிவிட்டார். அவர் பேரில் இருந்த ரிவால்வர் இப்போது போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது. முதலாளிக்காக அதைச் சுமக்கிற ஆள் என்று லைசென்ஸ் புத்தகத்தில் பன்னிரண்டு வருஷமாக என் பெயர் இருந்தது. இனி என் பேரிலேயே அதைத் தர வேண்டும் என்பதுதான் மனு.

ஒப்படைத்த நாளிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. டீக்கடையில் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார முடிவதில்லை. பொன்னேரிக்கு ரயிலேறினால் இரண்டு ஸ்டேஷனுக்குள் நாலு தரம் இடம் மாறுகிறேன். கை தானாக இடுப்புக்குப் போய்விட்டுச் சும்மா திரும்பி வருகிறது. என் மனைவி கங்கம்மா, "இன்னாயா, எப்பப் பாத்தாலும் இடுப்பத் தடவிக்கினே கீற, கட்டி கிட்டி வந்துச்சா?" என்று கேட்கிறாள்.

அது என் கைக்கு வந்தது 1965ல். நெல்லு மிஷின் தகராறுக்குப் பிறகு முதலாளி லைசென்ஸ் வாங்கினார். ஆனால் அவருக்குக் கை நடுக்கம். டம்ளர் பாலே பாதி வேட்டியில் போகும். என்னைக் கூப்பிட்டு, "நீ குடிக்க மாட்ட, கோவப்பட மாட்ட. நீயே வெச்சுக்கோ. வெளிய தெரியக் கூடாது," என்றார். அதற்கு முன்னால் நான் வேலிகாத்தான் முள் வெட்டுகிற ஆள். கங்கம்மா பழைய காக்கித் துணியில் ஒரு பை தைத்துக் கொடுத்தாள். அரைஞாணில் கோத்துக் கட்டி மேலே சட்டையை விட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது. யாரும் பார்த்ததில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும். டீக்கடையில் எனக்கு முதல் கிளாஸ் வர ஆரம்பித்தது அப்போதுதான்.

முள் வெட்டுகிறவர்களின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் அருவாளை இடுப்புக்குப் பின்னால் செருகிக்கொண்டுதான் நடப்போம். முதலாளி எதிரே வந்தால் அதை உருவி, முனை நம் பக்கம் பார்க்கும்படி தரையில் வைத்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். முதலாளியின் சேதியைக் கொண்டு வேறொருவர் வந்தாலும் அதே மரியாதைதான். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. நானும் பதினெட்டு வருஷம் அப்படி வைத்தவன்தான்.

ரிவால்வர் கைக்கு வந்த புதிதில், துப்பாக்கியைப் பொறுப்பாக வைத்திருப்பது எப்படி என்று சுப்பிரமணி ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தார். வெளியே காட்டக் கூடாது. விளையாட்டுக்குக் கூட யாரையும் நோக்கிப் பிடிக்கக் கூடாது. சுடுகிற வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். ஆறு குழியில் ஐந்தில் மட்டும் தோட்டா, அடிக்கிற கொக்கிக்கு நேரே உள்ள குழி காலி. வீட்டில் இருக்கும்போது தோட்டாவை எடுத்துத் தனியாகப் பூட்டி வைக்க வேண்டும். எதிராளி ஆயுதத்தை எடுத்தாலொழிய நாம் எடுக்கக் கூடாது. இப்படி ஒரு பக்கம்.

அப்போது எனக்குப் படிக்கத் தெரியாது. தாளை மடித்துப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். படித்துக் காட்டியவன் சடையப்பன்.

அவனும் என்னோடு முள் வெட்டியவன். அஞ்சாவது வரை படித்தவன். முதலாளியின் ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்குப் பயிர் செய்துகொண்டிருந்தான். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மோட்டார் ரூம் சுவரில் கரியால் எழுதிக் காட்டுவான். அ, ஆவெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு, உனக்கு உன் தாளே போதும் என்றுவிட்டான். அதனால் நான் முதன்முதலாகப் படித்த வார்த்தை 'தற்காப்பு'. அது வாயில் வர எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று.

"டேய், ஒன்பது நாளா தற்காப்பு தற்காப்புன்னு நிக்கிற. அதுக்குள்ள ஒன்ன வெட்டிட்டுப் போய்க்கினே இருப்பான்டா," என்று சிரித்தான். அவன் மனைவி குப்பம்மாள் கூழ்ச் சட்டியைக் கழுவிக்கொண்டே, "ஏன்யா அவர பேஜாரு பண்ற, படிக்கட்டும் வுடு," என்றாள்.

இப்போது நான் எழுதுகிற எழுத்தெல்லாம் அவன் போட்டுக் கொடுத்ததுதான். அதை நான் மறைக்கவில்லை.

அப்புறம் கம்பெனிக்காரர்கள் நிலம் பார்க்க வந்தார்கள். ரோட்டோரம் சடையப்பன் பயிரிட்ட ஒன்றரை ஏக்கரும் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அவன் விட மாட்டேன் என்று கோர்ட்டுக்குப் போனான். கேஸ் இரண்டு வருஷம் நடந்தது. அந்த இரண்டு வருஷமும் முதலாளி என்னை விட்டு நகர மாட்டார். காரில் முன் சீட்டு எனக்கு. கல்யாண வீடுகளில் அவருக்குப் பின்னால் எனக்கும் ஒரு நாற்காலி போடுவார்கள். சடையப்பன் என்னிடம் கோபமாகப் பேசியதில்லை. வாய்தாவுக்குப் போகும்போது கோர்ட்டு வாசலில் பீடி கூடக் கொடுப்பான். ஒன்று மட்டும் மாறியிருந்தது. முதலாளி சேதியோடு நான் போகும்போது அவன் அருவாளைக் கீழே வைப்பதில்லை. இடுப்பிலேயே வைத்துக்கொண்டு, "சொல்லு கலியா," என்பான்.

அதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கவனித்து வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். ஆயுதம் வைத்திருக்கிறவன் எதையும் கவனித்துவைக்க வேண்டும்.

1974 தை மாதம், பொங்கல் கழிந்த வாரம். முதலாளி என்னைக் கூப்பிட்டார். வக்கீல் வந்து பேசிவிட்டுப் போயிருந்தார்.

"ராஜி ஆயிடலாம்னு சொல்றாரு. கொளத்து மேட்டுல அர ஏக்கரா அவன் பேருக்கே எழுதிக் குடுத்துட்டா ஒதுங்கிக்குவான். நீ போய்ச் சொல்லிட்டு வா. சனிக்கெழம கையெழுத்து."

"சரிங்க ஐயா."

"அப்படியே அன்னிக்கே அந்தச் சனியன ஸ்டேஷன்ல குடுத்துடுவோம். இனிமே எதுக்கு. நீயும் எத்தினி நாளு தூக்கிக்கினு திரிவ. முள்ளு வெட்டவும் ஆளு பத்தல."

நியாயமான பேச்சு. மறுத்துச் சொல்ல அதில் ஒன்றுமில்லை. நான் வெளியே வந்தேன். மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். பிறகு பையிலிருந்து ரிவால்வரை எடுத்து, காலியாக இருந்த ஆறாவது குழியிலும் ஒரு தோட்டாவைப் போட்டேன். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை.

ஏன் என்று நீங்கள் கேட்கலாம். கையெழுத்து ஆகிறவரைதான் ஆபத்து அதிகம் என்று எனக்குத் தோன்றியது. இரண்டு வருஷம் சண்டை போட்டவன் கடைசி நாளில் எப்படி மாறுவான் என்று யார் கண்டது. சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளும் முதலாளியைக் காப்பாற்றுகிற பொறுப்பு என்னுடையது.

கழனிக்கு வரப்பு வழியாகவும் போகலாம், ரோட்டு வழியாகவும் போகலாம். எப்போதும் வரப்பு வழியாகத்தான் போவேன். அன்று ரோட்டு வழியாகப் போனேன். ரோட்டில் கம்பெனிக்குச் செங்கல் இறக்க வந்த லாரி ஒன்று பஞ்சராகி நின்றது. டிரைவர் பெயர் சாலமோன் என்பது பிறகு கோர்ட்டில்தான் தெரிந்தது. தூத்துக்குடிப் பக்கத்து ஆள். எங்கள் ஊரில் யாரையும் தெரியாதவன். லாரிக்கு முப்பது அடி தள்ளி, அவன் பார்வை படுகிற இடத்தில் நின்றுகொண்டேன். பேச்சு கேட்காது, ஆள் தெரியும். கழனியில் இறங்கவில்லை. அங்கிருந்தே கூப்பிட்டேன்.

சடையப்பன் முள் கட்டைத் தள்ளிவிட்டு, அருவாளை இடுப்புக்குப் பின்னால் செருகிக்கொண்டு மேலே ஏறி வந்தான்.

"இன்னாடா, தொர கணக்கா மேல நின்னுக்கினு கூப்புடற. கீழ எறங்குனா காலு தேஞ்சிடுமா?"

"முதலாளி சேதி அனுப்பியிருக்காரு. ராஜிக்கு ஒத்துக்கினாரு. கொளத்து மேட்டுல அர ஏக்கரா. ஒன் பேருக்கே."

அவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். துடைத்த பிறகும் துண்டை முகத்திலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

"நெசமாவா?"

"சனிக்கெழம கையெழுத்து."

"குப்பு கேட்டா ஆடிப் பூடுவாடா," என்றான். பிறகு என்னைப் பார்த்தான். கையைச் சட்டைக்கு அடியில் வைத்திருந்தேன். சேதி கொண்டு வந்தவன் எப்படி நிற்பானோ அப்படித்தான் நின்றேன். அவனுக்கு அது புரிந்தது. சிரித்தான்.

"சரிடா. ரெண்டு வருசமா வெக்கல. இன்னிக்கி வெக்கறேன். ஒனக்கில்ல, சேதிக்கு."

சொல்லிக்கொண்டே கையைப் பின்னால் கொண்டுபோய் அருவாளை உருவினான்.

உருவுகிறபோது அருவாள் தோள் உயரம் வந்துதான் முன்னால் இறங்கும். அது எல்லாருக்கும் அப்படித்தான். வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. எதிராளி ஆயுதத்தை எடுத்தாலொழிய நாம் எடுக்கக் கூடாது என்று தாளில் இருக்கிறது. அவன் எடுத்தான். நானும் எடுத்தேன். இரண்டு தடவை சுட்டேன். முதல் குண்டு பட்டபோதே அவன் குனிய ஆரம்பித்திருந்தான். கீழே வைப்பதற்காகக் குனிந்தானா, குண்டு பட்டதால் குனிந்தானா என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. சொல்ல முடியாததை நான் எழுத மாட்டேன்.

அருவாள் முனை அவன் பக்கம் பார்த்தபடிதான் கிடந்தது. டிரைவர் ஆள் கூப்பிட ஓடிய பிறகு, போலீஸ் வருவதற்கு முன்னால் காலால் அதைத் திருப்பிவிட்டேன்.

கோர்ட்டில் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அவன் அருவாளை உருவினானா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். உருவுவதற்கு முன் நீ துப்பாக்கியை எடுத்தாயா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். சாலமோனும் தான் கண்டதைத்தான் சொன்னான். ரொம்ப நேர்மையான ஆள். எங்கள் ஊர்க்காரர் யாரும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் முதலாளி நிலத்தில் பிழைக்கிறவர்கள். குப்பம்மாள் மட்டும், "கீழ வெக்க எடுத்தாரு சாமி, கீழ வெக்கத்தான் எடுத்தாரு," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அழுகையில் அது யாருக்கும் விளங்கவில்லை. உட்காரச் சொல்லிவிட்டார்கள். எதற்காக உருவினான் என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

தற்காப்பு என்று தீர்ப்பாயிற்று. அந்த வார்த்தையை ஒன்பது நாள் படித்தது எனக்கு ஞாபகம் வந்தது.

ரிவால்வர் திரும்பி வந்தது. இனிமே அது எதுக்கு என்று முதலாளி அதன் பிறகு ஒரு நாளும் சொல்லவில்லை. செத்துப்போகிற அன்றுகூட, "கலியன் வெளிய இருக்கானா?" என்று கேட்டாராம். நிலத்தில் இப்போது கம்பெனி இருக்கிறது. இரும்புத் தகடு போட்ட கூரை. மூன்று ஷிப்டுக்கும் சங்கு ஊதுகிறார்கள். குளத்து மேட்டு அரை ஏக்கர் யார் பேருக்கும் எழுதப்படவில்லை.

ஆக, பன்னிரண்டு வருஷத்தில் ஒரே ஒரு தரம்தான் எடுத்திருக்கிறேன். குடித்துவிட்டுத் தொட்டதில்லை. யாரையும் மிரட்டியதில்லை. விளையாட்டுக்குக் கூட ஒருவருக்கும் காட்டியதில்லை. இதை விடப் பொறுப்பாக ஒரு மனிதன் எப்படி வைத்திருக்க முடியும் என்று தெரியவில்லை. படிவத்தின் அடியில், மேலே கண்டவை யாவும் உண்மை என்று கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறது. சடையப்பன் கற்றுக்கொடுத்த கையெழுத்து. அதைப் பொய்க்குக் கீழே போட எனக்கு மனசு வராது. அதனால்தான் ஒன்று விடாமல் எழுதினேன்.

இனி, கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

கம்பெனி வேலி ஓரம் முள் மறுபடி மண்டிவிட்டது. வெட்டுவதற்குப் பத்துப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். நானும் காலையில் அந்தப் பக்கம்தான் நடக்கிறேன், வீட்டில் இருக்க முடியாமல். முதலாளி போய்விட்டாலும் பழைய பழக்கத்தில் என்னைக் கண்டதும் ஆட்கள் அருவாளைக் கீழே வைத்துவிட்டு நிற்கிறார்கள். ஒரே ஒருத்தி நிற்பதில்லை. போன செவ்வாய்க்கிழமை அவள் தலை நிமிராமலே, "இன்னா கலியா, இடுப்பு லேசாயிடுச்சா?" என்று கேட்டுவிட்டு மேலே வெட்டிக்கொண்டு போனாள். கோபம் இல்லை அந்தக் குரலில். அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

எழுதிப் பார்த்தால் விடை படிவத்தின் இரண்டு வரிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

யாரால்: குப்பம்மாள், கணவர் பெயர் சடையப்பன்.
காரணம்: என்னைக் கண்டால் அருவாளைக் கீழே வைப்பதில்லை.