வேலமரப் பெட்டி

திருவையாறு பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு அக்காவும் தம்பியும். காலையில் இறந்துபோன அப்பாவுக்குச் சவப்பெட்டி செய்யத் தச்சரைப் பார்க்கப் போகிறார்கள் என்பது பேச்சிலேயே புரிந்தது.

“போயும் போயும் கருவேலமா? முள்ளு மரத்துலயா அப்பாவைப் படுக்க வைக்கிறது?”

“பலகைய அறுத்து எடுத்து வச்சதே அப்பாதாங்க்கா. பைபிள்ல பத்துக் கட்டளைய வச்ச கர்த்தரோட பெட்டிய சீத்திம் மரத்துல செஞ்சாங்கள்ல, அதுவும் நம்ம வேலமர வகைதானாம். இங்கிலீஷ்ல அக்கேசியா. அந்தப் பேரே கிரேக்கத்துல முள்ளுங்கிற வார்த்தையிலேருந்து வந்ததுன்னு பாஸ்டர் சொன்னாரு.”

கண்டியூர் தாண்டும்வரை அக்கா வயலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி தம்பி. உள்பக்கத்த மட்டும் நல்லா இழைக்கச் சொல்லு. அப்பாவுக்கு முதுகுல உறுத்தக் கூடாது.”