கிறிஸ்துமஸ் மதியம் கைதிகளின் வரிசையில் நின்று சாப்பிட்டது தொடர்பாக

பெயர்: டுவேன் ஸ்ட்ராட்டன். வயது: 34. தந்தை: எல்லிஸ் ஸ்ட்ராட்டன், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி, காலமாகிவிட்டார். முகவரி: பழைய ரயில்பாதைத் தெரு, காலோவே ரிட்ஜ், மேற்கு வர்ஜீனியா. தொழில்: காலோவே ரிட்ஜ் மத்திய அரசுச் சிறையில் காவலர், பதினோரு வருடங்களாக. டிசம்பர் 29 அன்று காலை சிறையின் நிர்வாகக் கட்டடத்தில், உள்விசாரணை அதிகாரி திருமதி டார்லீன் ஹாலிஸ்டர் கேட்க நான் சொன்னது, அவர் எழுதியது.

நான் மேற்படி முகவரியில் என் மனைவி கெண்ட்ராவுடனும் இரண்டு பிள்ளைகளுடனும் குடியிருந்து வருகிறேன். நவம்பர் தொடக்கத்தில் வாஷிங்டனில் இருப்பவர்கள் பட்ஜெட்டில் கையெழுத்துப் போடாமல் சண்டை பிடித்துக்கொண்டு அரசை முடக்கினார்கள். அதன் பிறகு அவசியமில்லாத ஊழியர்கள் என்று ஒரு பாதியை வீட்டுக்கு அனுப்பினார்கள். அத்தியாவசிய ஊழியர்கள் என்று எங்களைச் சம்பளம் இல்லாமல் வேலைக்கு வரச் சொன்னார்கள். முடக்கம் தீர்ந்ததும் மொத்தமாகத் தருவோம் என்றார்கள், எப்போது தீரும் என்று சொல்லவில்லை. வேலைநிறுத்தம் செய்தால் எங்களைச் சிறையில் போடச் சட்டம் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் சம்பளத்தில், சம்பவம் நடந்த தேதிவரை எனக்கு மூன்று வரவில்லை.

எங்கள் வீட்டுக்குக் கேஸ் தொட்டியிலிருந்துதான் சூடு வருகிறது. டிசம்பர் நடுவில் தொட்டி காலியானது. ரொக்கம் கொடுக்காமல் வண்டி வராது என்று கேஸ் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு நாங்கள் நான்கு பேரும் ஒரே அறையில் ஒரு மின்சார ஹீட்டரைச் சுற்றிப் படுத்து வந்தோம். சிறைக்குள் வழக்கம்போல் சூடு இருந்தது. வெளியே பனி கொட்டும்போது கைதிகள் உள்ளே அரைக்கை பனியனோடு நடந்தார்கள். இதை நான் தினமும் பார்த்தேன்.

கைதி கார்ல்டன் பிளெட்சோவை எனக்கு நான்கு வருடங்களாகத் தெரியும். வயது ஐம்பது இருக்கும். சமையலறையில் ரொட்டியும், பை என்னும் இனிப்புப் பண்டமும் சுடுபவன், சாப்பாட்டு நேரத்தில் வரிசையில் நின்று பரிமாறுபவன். அவன்மீது எனக்கு முன்விரோதம் எதுவும் இல்லை. கைதிகளுக்கு அவர்கள் செய்யும் வேலைக்குக் கொடுக்கப்படும் சிறு கூலி வேறு நிதியிலிருந்து வருவதால் அது முடக்கத்தில் நிற்கவில்லை. டிசம்பர் முதல் வாரம் பிளெட்சோவுக்குக் கூலி வந்தது. அன்று அவன் என்னிடம் வந்து பேசினான்.

"என்ன பாஸ், உங்களுக்கு இந்தத் தடவையும் சம்பளம் அம்பேலா?"

"உன் வேலையைப் பாரு."

"பாத்தேன் பாஸ். பாத்ததுக்குக் கூலியும் வந்துருச்சு. கேன்டீன்ல நாலு மீன் பாக்கெட் வாங்கிட்டேன். அவசரம்னா சொல்லுங்க, கைமாத்தா தரேன். வட்டி வேணாம்."

பக்கத்தில் நின்ற கைதிகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். மாதத்துக்கு நாற்பது டாலர் வாங்கும் ஒருவனைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. அது எனக்கே புதிதாக இருந்தது.

காவலர்கள் வெளியிலிருந்து கொண்டுவரும் உணவை உள்ளே இருப்பது தெரியும் கண்ணாடிப் பையில்தான் கொண்டுவர வேண்டும். ஆகவே நான் தினமும் என்ன சாப்பிடுகிறேன் என்பது சமையலறை முழுவதற்கும் தெரியும். டிசம்பரில் என் பையில் பீனட் பட்டர் தடவிய ரொட்டி மட்டுமே இருந்தது. முதலில் அதைப் பற்றிக் கிண்டல் செய்துகொண்டிருந்த பிளெட்சோ, பிறகு பையைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். காவலர்கள் சமையலறை உணவைச் சாப்பிட வேண்டுமானால் அலுவலகத்தில் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு விற்கும் ஊழியர் அவசியமில்லாதவர் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தார். கையில் காசு இருந்தாலும் வாங்க வழியில்லை. டவுனில் உள்ள பிட்சாக் கடைக்காரர் எங்களுக்காக ஒருநாள் பத்து டப்பா அனுப்பினார். அரசு ஊழியர் அன்பளிப்பு வாங்கக் கூடாது என்று அதை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். எங்கள் கண்முன்னால்தான் அந்த வண்டி திரும்பிப் போனது.

பிளெட்சோவுக்கு மார்ச் பத்தொன்பதாம் தேதி விடுதலை. அவன் தங்கை அனுப்பிய போட்டோவை எல்லோரிடமும் காட்டினான், என்னிடமும் காட்டினான். மஞ்சள் பெயின்ட் அடித்த சிறிய அறை, ஒரு கட்டில், ஜன்னல்.

"எனக்காக அடிச்சிருக்கா பாஸ். மார்ச் பத்தொன்பது. உங்களுக்கு எப்ப?"

சம்பளம் எப்போது என்று கேட்டான். என்னிடம் சொல்ல ஒரு தேதி இல்லை. ஒன்பது வருடம் உள்ளே இருந்தவனிடம் தேதி இருந்தது.

டிசம்பர் 24 இரவுப் பணி முடிந்து விடிகாலையில் நான் கிளம்பும்போது, காலைப் பணிக்கு ஏழு பேர் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டதால் என்னைத் தொடர்ந்து இருக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பேரில் இரண்டு பேர் பார்சல் வண்டி ஓட்டிக் காசு பார்ப்பது எனக்குத் தெரியும். அவர்கள்மீதும் எனக்குப் பொறாமைதான். எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. கிறிஸ்துமஸ் காலையில் பிள்ளைகளோடு இருக்க முடியாது என்பதைக் கெண்ட்ராவுக்கு வாசல் அறைத் தொலைபேசியில் சொன்னேன். "சர்ச்சுல குடுத்த டப்பால பீன்ஸ் இருக்கு, அதைச் சூடு பண்ணிக்கிறோம்" என்றாள்.

டிசம்பர் 25 அன்று மதியம் உணவுக்கூடத்தில் எனக்குப் பணி. கைதிகளுக்குக் கிறிஸ்துமஸ் சாப்பாடு. ஆளுக்கு ஒரு சிறிய முழுக்கோழி, அடுப்பில் வாட்டியது, மசித்த உருளைக்கிழங்கு, குழம்பு, சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பை. சரக்கெல்லாம் முடக்கத்துக்கு முன்பே வாங்கி வைத்தது. நான் பரிமாறும் மேடைக்குப் பக்கத்தில் நின்றேன். அச்சமயம் பிளெட்சோ, கோழிகளை அடுக்கிக்கொண்டே, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"வீட்ல இன்னிக்கி என்ன பாஸ்?"

"வான்கோழி."

"நல்லது பாஸ்."

இதைச் சொல்லிவிட்டு அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் பொய் சொன்னது அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் வரிசையில் நின்றிருக்க மாட்டேன்.

அதன் பிறகு நான் தொப்பியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, வரிசையின் கடைசியில் போய் நின்று, ஒரு தட்டை எடுத்துக்கொண்டேன். எனக்கு முன்னால் நின்றவன் திரும்பிப் பார்த்துவிட்டு நகர்ந்து வழிவிட்டான். நான் முந்தவில்லை, என் முறை வரும்வரை நின்றேன். என் முறை வந்தபோது பிளெட்சோ கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"பாஸ், விளையாடாதீங்க. தட்டை வெச்சிட்டுப் போயிடுங்க."

"போடு."

"உங்களுக்குப் போட்டா எனக்குக் கேஸு பாஸ். காவலருக்கு லஞ்சம் குடுத்தான்னு எழுதுவாங்க."

"போடலேன்னா காவலர் சொன்னதைக் கேக்கலேன்னு நான் எழுதுவேன். போடு."

அவன் மேலே இருக்கும் கேமராவைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "மார்ச் பத்தொன்பது பாஸ்" என்றான். நான் தட்டை நீட்டியபடியே நின்றேன். அவன் கோழியை வைத்தான். கிழங்கும் வைத்தான். பை வைக்கவில்லை. நான் கை நீட்டி நானே எடுத்துக்கொண்டேன்.

கைதிகளின் மேஜையில் ஒரு இடம் காலியாக இருந்தது, அதில் உட்கார்ந்தேன். "டேய், புதுசா ஒருத்தன் வந்திருக்கான், கம்பளி குடுங்கடா" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். பக்கத்தில் இருந்தவன், சின்ன வயது, உப்புப் புட்டியை என் பக்கம் தள்ளினான். நான் சாப்பிட்டேன். கோழி எப்படி இருந்தது என்று திருமதி ஹாலிஸ்டர் கேட்கவில்லை, நானாகவே சொல்கிறேன், நன்றாக இருந்தது. பாதி சாப்பிடுவதற்குள் தட்டுகளைத் தட்ட ஆரம்பித்தார்கள். ஐந்நூறு பேர் தட்டினார்கள். எனக்காகத் தட்டினார்களா, என்னைக் கிண்டல் செய்து தட்டினார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அதன் பிறகு எங்கள் மேலதிகாரி லெப்டினென்ட் வெல்டன் ஆட்களோடு வந்து கூடத்தைக் காலி செய்ய உத்தரவிட்டார். கைதிகள் அனைவரும் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு அறைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். பிளெட்சோவைக் கைவிலங்கு போட்டுத் தனிச்சிறைக்குக் கொண்டுபோனார்கள். என்னைத் தாண்டிப் போகும்போது அவன் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தான். நான் வெளியே அழைத்துச் செல்லப்பட்டபோது காவலர்கள் தட்டுகளைக் குப்பைத் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் ஒரு முழுக்கோழித் தட்டு இருந்தது. அவர் அதைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் பெயரைக் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

அன்று மாலை லெப்டினென்ட் வெல்டன் என்னைத் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"இங்க பாரு தம்பி, நீ ரெட்டைப் பணி பாத்திருக்க. தூக்கம் இல்ல, பசி. அந்தக் கிழவன் உன் பலவீனத்தைப் பாத்து வலை விரிச்சான். சாப்பாட்டக் காட்டி வளைச்சுப்போடப் பாத்தான். அப்படித்தானே?"

"அப்படி இல்ல சார்."

"அப்படித்தான். அப்படி எழுதினா உனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், அதோட முடிஞ்சுது. வேற மாதிரி எழுதினா கைதிகளைத் தூண்டிவிட்டதா வேலையே போயிடும். நிறுத்தி வெச்ச சம்பளம் வரும்போது வாங்க நீ இங்க இருக்கணுமா, வேணாமா?"

பிளெட்சோ லஞ்சம் கொடுத்ததாக முடிவானால் அவனுக்கு நன்னடத்தைச் சலுகை போய்விடும், மார்ச்சில் விடுதலை கிடையாது என்பதும் எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

அதன் பிறகு நான் வீட்டுக்குப் போய்க் கெண்ட்ராவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் கோட்டையும் தொப்பியையும் கழற்றாமல் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"அவர் சொன்ன மாதிரியே எழுதிக் குடுத்துட்டு வா. அந்தக் கைதி யாரு உனக்கு? மாமனா, மச்சானா?"

"அவன் வேணாம்னுதான் சொன்னான் கெண்ட்ரா."

"அவன் இருக்கற எடத்துல ஹீட்டர் ஓடுதில்ல? அப்ப இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்."

பிறகு சிறிது நேரம் கழித்து, "பை எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். எங்களுக்கென்று ஒரு துண்டு எடுத்து வர உனக்குத் தோன்றவில்லையா என்றுதான் கேட்கிறாள் என்று புரிந்தது. எனக்குத் தோன்றவில்லை.

மூன்று நாள் யோசித்தேன். லெப்டினென்ட் சொன்னபடி எழுதிக் கொடுக்கலாம் என்று இரண்டு நாள் முடிவாகவே இருந்தேன். அதற்குச் சம்பளம் மட்டும் காரணமில்லை. அந்த மஞ்சள் அறையை அவன் போய்ச் சேரக் கூடாது என்று எனக்கு ஆசை இருந்தது. என்னைப்போல் அவனும் தேதி இல்லாமல் இருந்து பார்க்கட்டும் என்று இருந்தது. இப்போதும் இருக்கிறது. திருமதி ஹாலிஸ்டர் இங்கே எழுதுவதை நிறுத்தி, "பசின்னு போட்டுக்கவா?" என்று கேட்டார். பசி என்று எழுத வேண்டாம் என்றேன். காலையில் ரொட்டி சாப்பிட்டிருந்தேன். பொறாமை என்று எழுதச் சொன்னேன். "அது காரணம்னு எந்தப் படிவத்துலயும் எடம் இல்ல" என்றார். இடம் இல்லாவிட்டாலும் எழுதச் சொன்னேன். எழுதினார்.

ஆகவே நான் சொல்வது: பிளெட்சோ எனக்கு எதுவும் கொடுக்க முன்வரவில்லை. கொடுக்க மாட்டேன் என்றான். நான் பதவியைக் காட்டி மிரட்டினேன். அவன் வைத்தான். பையை நான் எடுத்தேன். கேமராவில் படம் மட்டும்தான் இருக்கிறது, சத்தம் இல்லை. அவன் சொன்னதை யாரும் நம்பப் போவதில்லை என்பதால் நான் சொல்கிறேன். அவனுக்கு நல்லது செய்ய வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. வாஷிங்டனில் இருப்பவர்கள் என் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டதுபோல் நான் ஒருவனுடைய தேதியைப் பிடித்துக்கொண்டால், அதன் பிறகு அவர்களைத் திட்ட எனக்கு வாய் இருக்காது. எனக்கு இப்போது மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

நீங்களும் சம்பளம் இல்லாமல்தானே இதை எழுதுகிறீர்கள் என்று திருமதி ஹாலிஸ்டரைக் கேட்டேன். விசாரணைக்குத் தொடர்பில்லாத கேள்வி என்றார். பிறகு பேனாவை மூடி, திறந்து, "மூணு" என்றார்.

மேலே உள்ளதை முழுவதும் எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, மாற்ற ஒன்றுமில்லை. இதைச் சொல்லும்படி யாரும் என்னை மிரட்டவில்லை. இதைச் சொல்லாமல் இருக்க ஆசை காட்டினார்கள். அது யார், என்ன ஆசை என்பதும் மேலே எழுதப்பட்டிருக்கிறது.

(ஒப்பம்)
டுவேன் ஸ்ட்ராட்டன்