கூடப் பிறந்தவள்

பெரியவள்: திறக்காத.

சின்னவள்: நான் எங்க திறந்தேன்... எழுந்துதானே உட்கார்ந்தேன்.

பெரியவள்: மெதுவாப் பேசு. வெளிய கேக்கும்.

சின்னவள்: மறுபடியும் தட்டறாங்கக்கா. மூணு மாடி ஏறி வந்து யாரு நம்மளைத் தேடப்போறாங்க?

பெரியவள்: அதான் எனக்கும் புரியலை. கதவு ஓட்டை வழியாப் பாரு. மூச்சு விடாமப் பாரு.

சின்னவள்: மூச்சு விடாம எப்படி... இரு. ஒரு பொம்பளை. கையில பை. அக்கா... வீடில்லாத நமக்கு வீடு குடுத்த ஆபீஸ் மேடம்.

பெரியவள்: அவங்க போன் பண்ணாம வரமாட்டாங்களே.

சின்னவள்: தெரிஞ்சுபோச்சுக்கா. நாம கூடப் பொறந்தவங்க இல்லைன்னு யாரோ போட்டுக் குடுத்துட்டாங்க. வீட்டைப் பிடுங்க வந்திருக்காங்க.

பெரியவள்: வாயை மூடு. நீ என் தங்கச்சி. நேத்தும் தங்கச்சி, இன்னிக்கும் தங்கச்சி. அப்பா என்ன வேலை பார்த்தாரு?

சின்னவள்: லாரி ஓட்டினாரு.

பெரியவள்: தச்சு வேலைடி. எத்தனை தடவை சொல்லிக் குடுக்கறது?

சின்னவள்: எங்க அப்பா லாரிதான் ஓட்டினாரு. வாய் தானா அங்க போகுது.

பெரியவள்: போகாமப் பிடிச்சு வை. போர்வையை மடி. வாசல்லேருந்து அந்த மூட்டையை நகர்த்து... வாங்க மேடம், வாங்க. கொஞ்சம் அசந்துட்டோம்.

மேடம்: பட்டப்பகல்லயா? ரெண்டு பேருமா?

பெரியவள்: இல்ல, இவ மட்டும்தான். நான் முழிச்சிட்டுத்தான்...

மேடம்: கதவைச் சாத்துங்க. தாழ்ப்பாள் போடுங்க.

சின்னவள்: எதுக்கு மேடம்?

மேடம்: போடும்மா, சொல்றேன். ஜன்னல் திரையையும் இழுத்து விடு.

பெரியவள்: அது படுக்கை விரிப்புதான் மேடம். திரை இன்னும் வாங்கலை.

மேடம்: மறைச்சாச் சரி. உட்காருங்க. ஒண்ணு கேக்கணும். உங்க அப்பா என்ன வேலை பார்த்தாரு?

சின்னவள்: தச்சு வேலை.

பெரியவள்: லாரி ஓட்டினாரு.

மேடம்: ம்...

பெரியவள்: அதாவது மேடம்... தச்சு வேலைக்கு லாரியிலதான் போவாரு.

சின்னவள்: அவரே ஓட்டிட்டு.

மேடம்: போதும். காலையில எங்க ஆபீசுக்கு ஒருத்தர் வந்தாரு. வெளுத்த சட்டை, படிய வாரின தலை. ரொம்பப் பணிவாத்தான் பேசினாரு. பேசிட்டே இருக்கும்போது கைக்கடிகாரத்தை மட்டும் கழட்டறதும் மாட்டறதுமா...

சின்னவள்: கழட்டினாரா?

மேடம்: என்னம்மா, ஏன் எழுந்து சுவரோரமாப் போற? இங்க வந்து உட்காரு.

பெரியவள்: கழட்டினா என்னடி?

சின்னவள்: அடிக்கறதுக்கு முன்னாடி கழட்டுவாருக்கா. உடைஞ்சிடும்னு.

பெரியவள்: மேடம்... எங்க அவன்? கீழயா நிக்கறான்?

மேடம்: கீழ யாரும் இல்ல. நான் நேரா வரலை. ரெண்டு பஸ் மாறி, சந்தைக்குள்ள புகுந்து...

சின்னவள்: உஷ். யாரோ படி ஏறறாங்க.

மேடம்: எனக்கு ஒண்ணும்...

பெரியவள்: பேசாதீங்க மேடம்.

சின்னவள்: ... மேல போறாங்க. ஒரு காலை இழுத்து வைக்கற சத்தம். நாலாவது மாடிக்காரர்.

பெரியவள்: இந்தக் கட்டடத்துல எல்லாரோட காலடியும் எங்களுக்கு மனப்பாடம். அவனுக்கு எப்படி மேடம் தெரிஞ்சுது?

மேடம்: சாவி குடுத்த அன்னிக்கு எல்லாரையும் நிக்க வெச்சுப் போட்டோ எடுத்தோமே, அதை ஆபீஸ் சுவத்துல ஒட்டியிருந்தாங்க. தெருவுல போறவங்களுக்கே கண்ணாடி வழியாத் தெரியும். அவர் பார்த்துட்டாரு.

பெரியவள்: முகத்தைத் திருப்பிக்கோன்னு அன்னிக்கே சொன்னேன்.

சின்னவள்: திருப்பினேனே... பாதி திருப்பினேன்.

மேடம்: மிச்சப் பாதியிலதான் விரலை வெச்சாரு. இது என் சம்சாரம், மனசு சரியில்லாதவ, எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்கன்னாரு. கண்ணெல்லாம் கலங்கிடுச்சு. எங்க ஆபீஸ்ல பாதிப் பேர் உருகிட்டாங்க.

சின்னவள்: உருகுவாங்க. எங்க தெருவே உருகும்.

பெரியவள்: நீங்க என்ன சொன்னீங்க?

மேடம்: அதுக்கு முன்னாடி எனக்கு உண்மை தெரியணும். நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா?

சின்னவள்: ஆமா.

பெரியவள்: ஆமா மேடம்.

மேடம்: என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க.

பெரியவள்: ... இல்ல.

சின்னவள்: அக்கா...

பெரியவள்: விடுடி, கழுத்து வரைக்கும் வந்தாச்சு. மேடம், பொய் சொன்னது நான். தனிப் பொம்பளைன்னா விடுதியில ஒரு கட்டில்தான், அதுவும் மழைக்காலம் முடியற வரைக்கும்தான்னாங்க. குடும்பமா இருந்தாத்தான் வீடுன்னாங்க. அதான் குடும்பமாயிட்டோம். நான் இப்பவே கிளம்பறேன். வீடு இவளுக்கு இருக்கட்டும்.

சின்னவள்: இவ போனா நானும் போறேன்.

பெரியவள்: எங்க போவ? மறுபடியும் பஸ் ஸ்டாண்டுக்கா? அவன் அங்கதான் முதல்ல வந்து நிப்பான்.

மேடம்: பஸ் ஸ்டாண்டுலதான் பழக்கமா?

பெரியவள்: கழிப்பறை ஓரமா விளக்கு அணையாம எரியும், நான் அங்கதான் படுப்பேன். இவ ஒரு நாள் வந்து சுவரோட சுவரா ஒட்டி உட்கார்ந்தா. ஒருத்தன் இவ காலைப் பிடிச்சு இழுத்தான் மேடம். சுத்தி இத்தனை பேர் இருக்காங்க, ஒருத்தரும் திரும்பிப் பார்க்கலை.

சின்னவள்: இவ செருப்பாலயே சாத்தினா.

பெரியவள்: ஒத்தைச் செருப்பு. இன்னொண்ணு முன்னாடியே களவு போயிடுச்சு.

சின்னவள்: அன்னிலேருந்து ஒருத்தி தூங்குவா, ஒருத்தி முழிச்சிருப்பா.

மேடம்: இங்க வந்தப்புறமுமா? கதவு, தாழ்ப்பாள் எல்லாம் இருக்கே.

சின்னவள்: அவர் வீட்டுலயும் கதவு இருந்துச்சு மேடம். தாழ்ப்பாளும் இருந்துச்சு.

பெரியவள்: வீட்டை எடுத்துக்கோங்க. எங்க மேல என்ன நடவடிக்கை வேணாலும் எடுங்க. இவளை மட்டும் அவன் கையில குடுத்துடாதீங்க.

மேடம்: எழுந்திருங்க முதல்ல. காலையெல்லாம் பிடிக்காதீங்க... அவர் போயிட்டாரு. ஆனா திரும்ப வரமாட்டாருன்னு என்னால சொல்ல முடியாது. போட்டோவை நானே கிழிச்சுப் போட்டுட்டேன். நீங்க மூட்டையைக் கட்டுங்க.

சின்னவள்: நாங்க எங்க போறது?

மேடம்: ஊருக்கு அந்தக் கோடியில ஒரு வீடு பேசியிருக்கேன். இதைவிடச் சின்னது. வண்டி வந்துட்டிருக்கு. எங்க ஆபீஸ் டிரைவர்தான், வந்ததும் எனக்குப் போன் பண்ணுவாரு. அதுவரைக்கும் கதவைத் திறக்க வேணாம்.

பெரியவள்: இவளுக்கு மட்டும்தானே மேடம்?

மேடம்: ரெண்டு பேருக்கும்தான்.

பெரியவள்: பொய் வெளிய வந்தப்புறமுமா?

மேடம்: அது காலையிலேயே வெளிய வந்தாச்சும்மா. உங்க வாயால கேக்கணும்னுதான் கேட்டேன். அவர்தான் சொன்னாரு. "அவ ஒத்தைப் பொண்ணுங்க, அப்பா அம்மா போய்ச் சேர்ந்துட்டாங்க. கூடப் பொறந்தது ஒண்ணும் கிடையாது, என்னை விட்டா நாதியில்லை"ன்னு.

சின்னவள்: அப்போ... நீங்க அவர்கிட்ட என்னதான் சொன்னீங்க?

மேடம்: போட்டோவுல உன் பக்கத்துல நிக்கறவங்களைக் காட்டினேன். "நல்லாப் பாருங்க சார், இது இந்தப் பொண்ணோட சொந்த அக்கா, ஒரே ஜாடை. உங்க சம்சாரத்துக்குத்தான் யாருமே இல்லைங்கறீங்களே, நீங்க தேடறது வேற யாரையோ"ன்னேன்.