திங்கக்கிழமை மீன்

புதுக்கோட்டையிலிருந்து வந்த டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெரியவர்கள். ஜன்னலோரத்தில் இருந்தவர் திடீரென்று கேட்டார்:

“ஏலே, திங்கக்கிழமை நான் என்ன மீன் தின்னேன்?”

“நீ மூணு நேரமும் கஞ்சிதான குடிக்கே?”

“அது எனக்குத் தெரியும்லே. தனியா இருக்கவங்களுக்கு ஞாபகம் மங்கக்கூடாதுன்னு ஒரு பிள்ளை தினமும் வீடியோ கால்ல பேசுதுல்லா, அதுகிட்ட நாளுக்கொரு மீன் சொல்லி வச்சிருக்கேன். இன்னைக்கு எல்லாத்தையும் திருப்பிக் கேக்கும்.”

“கஞ்சின்னே சொல்ல வேண்டியதான? மறக்கவே மறக்காது.”

“முத நாள் அப்படித்தான் சொன்னேன். ரெண்டு நிமிசத்துல பேச்சு முடிஞ்சிட்டு. மறுநாள் சீலா மீனுன்னு சொன்னதும், குழம்பா பொரிச்சதான்னு அரைமணி நேரம் கேட்டுச்சு.”

மீன் மார்க்கெட் ஸ்டாப்பில் மற்றவர் எழுந்தார்.

“இறங்குலே. நாளைக்கு நீ என்ன மீன் தின்னேன்னு பாத்துட்டுப் போவோம்.”