மலேரியா மாத்திரை

திருவொற்றியூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் சொன்னாள்:

"மலேரியா மாத்திர போட்டதும் என் வூட்டுக்காரருக்கு மூத்திரம் டிகாஷன் கணக்கா கறுத்துப் போச்சுக்கா. சோத்துல நான் இன்னாவோ கலந்துட்டேன்னு மாமியா தெருவையே கூட்டிருச்சு."

"அய்யய்யோ! டாக்டரு இன்னா சொன்னாரு?"

"ரத்த அணுவ ஒடையாம காப்பாத்துற புரோட்டீன் ஒண்ணு கீதாம். இவருக்குப் பொறவியிலேயே அது கம்மியாம். அதான் அந்த மாத்திர ஒத்துக்கல. ரத்தம் ஏத்துனாங்க, பொழச்சிகினாரு."

"பொறவியிலயா?"

"ஜீன் கோளாறாம். ஆம்பளப் புள்ளைக்கு அம்மாவாண்டேர்ந்துதான் வருமாம்."

"அத மாமியா மூஞ்சிக்கு நேரா சொன்னியா?"

"இல்லக்கா. அவரு கண்ணு முழிச்சதுலேர்ந்து அது என் கையப் புடிச்சிகினு அழுவுது. இத வேற சொல்லி அழ வெக்கணுமா?"