மடகாஸ்கர் கடையில் எங்கள் பள்ளி மடிக்கணினி

என் பெயர் ஜெசிந்தா மேரி. வயது 43. கணவர் பெயர் அருண் சேவியர். புதுச்சேரியில் வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தில் மாதா கோவில் தெருவில் குடியிருக்கிறேன். பாகூர் பக்கத்தில் உள்ள ஓர் உதவிபெறும் மேல்நிலைப் பள்ளியில் கணினி ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். எங்கள் பள்ளியில் மடிக்கணினிகள் களவு போன வழக்கில் எனக்குத் தெரிந்ததை நீதித்துறை நடுவர் அவர்கள் முன்பு சொல்ல நானாகவே வந்திருக்கிறேன். இன்னது சொல் என்று யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

எங்கள் பள்ளியில் படித்து பிரான்ஸ் நாட்டில் குடியேறிய பழைய மாணவர்கள், கொரோனா முடிந்து பள்ளி திறந்த வருடம், பன்னிரண்டு மடிக்கணினிகளை அங்கிருந்து கப்பலில் அனுப்பினார்கள். பணமாக அனுப்பினால் புதுச்சேரியிலேயே வாங்கிக்கொள்கிறோம் என்று எங்கள் தலைமையாசிரியை கேட்டும், பொருளாகத் தருவதில்தான் மனநிறைவு என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். பெட்டிகள் சென்னைத் துறைமுகத்தில் சுங்கத்தில் மாதக்கணக்கில் நின்று வந்து சேர்ந்தன. அதன் பிறகு பிரித்துப் பார்த்தபோது எல்லாம் பிரெஞ்சு விசைப்பலகையாக இருந்தன. நம் பிள்ளைகள் A இருக்கும் இடம் என்று பழகிய இடத்தில் அதில் Q இருந்தது. பிள்ளைகள் தடுமாறினார்கள்.

அப்போது எங்கள் கணினி அறையில் உதவியாளராக இருந்த மணிபாரதி, வெள்ளை ஸ்டிக்கர் தாளைப் பொடிப்பொடியாக வெட்டி, ஆங்கில எழுத்தும் தமிழ் எழுத்துமாகக் கையாலேயே எழுதி, எல்லா விசைகளின் மேலும் ஒட்டினார். Q என்று அச்சான விசையின் மேல் ‘அ’ வந்தது. பிள்ளைகளின் விரல் பட்டுத் தேயாமல் இருக்க ஒவ்வோர் எழுத்தின் மேலும் நிறமில்லாத நகப்பூச்சு அடித்தார். அந்த நகப்பூச்சை வாங்கப் போனபோது கடையில் தன்னைக் கேலி செய்தார்கள் என்று என்னிடம் சொன்னார். மடிக்கணினியின் திரையில் வரும் சொற்கள் எல்லாம் தமிழில் வரும்படி நான் மாற்றி வைத்தேன்.

அதற்கு அடுத்த வருடம் பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அறையில் ஒரு மடிக்கணினியும் இல்லை. பூட்டு உடைக்கப்படவில்லை. சாவி மணிபாரதியிடம் ஒன்றும் அலுவலகத்தில் ஒன்றும் இருந்தது. அவரைச் சந்தேகத்தின் பேரில் கைது செய்தார்கள். காலாப்பட்டு சிறையில் சில வாரங்கள் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். பள்ளியில் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதன் பிறகு அவர் நல்லவாட்டில் மீன் இறங்கும் இடத்தில் ஐஸ் உடைக்கும் வேலைக்குப் போனார். நிச்சயம் ஆகியிருந்த அவருடைய கல்யாணம் நின்றுபோனது. அவர் எடுத்தாரா இல்லையா என்று யாராவது என்னைக் கேட்டால், எனக்குத் தெரியாது என்றுதான் சொல்லி வந்தேன். எனக்கு உண்மையில் தெரியாது.

என் தங்கை, அருட்சகோதரி மரிய அருள், கன்னியர் சபையில் சேர்ந்து, மடகாஸ்கர் என்ற தீவு நாட்டில் ஒரு பள்ளியை நடத்தி வருகிறார். இந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் எங்கள் மாதா கோவில் பங்கு மக்கள் அந்தப் பள்ளிக்குக் கணினிகள் கொடுப்பது என்று முடிவு செய்தோம். பங்குப் பேரவைச் செயலாளர் சவரிராயன், சென்னைத் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கம்பெனிகளில் கழித்துப் போடும் கணினிகளைச் சேர்த்துக் கப்பலில் அனுப்பலாம் என்பது அவர் யோசனை.

“பொருளா போனா கண்ணால பாக்கலாம். பணமா போனா காத்துல போன மாதிரி” என்றார்.

எங்கள் பள்ளிக்கு வந்த பெட்டிகள் பட்ட பாட்டை நான் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அதன் பிறகு கூட்டத்தில் இருந்தபடியே தங்கைக்குப் போன் போட்டு எல்லாரும் கேட்கும்படி வைத்தேன்.

“மாமா, அங்கேருந்து வந்த கம்ப்யூட்டர் ரிப்பேர் ஆச்சுன்னா நான் யாராண்ட போய் நிப்பேன்? இங்கயே வாங்கினா கடைக்காரன் பொறுப்பு. இங்க பசங்க பிரெஞ்சு கீபோர்டுலதான் பழகியிருக்காங்க. அதுவும் இங்கதான் கெடைக்கும்” என்று தங்கை சொன்னார்.

சவரிராயன், “சரிமா, அங்க இருக்கறவ நீ. உனக்குத்தான் தெரியும்” என்றார். அதன்படி தங்கையின் சபை மூலமாகப் பணம் அனுப்பப்பட்டது.

அதன் பிறகு ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் நான் வீட்டுப் பின்கட்டில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது தங்கையிடமிருந்து வீடியோ கால் வந்தது. கையெல்லாம் செதிலாக இருந்ததால் கணவர் போனைப் பிடித்துக்கொண்டார். தங்கை அந்தப் பணத்தில் கணினி வாங்க, அந்தத் தீவின் துறைமுக நகரத்தில் பழைய கணினி விற்கும் கடை ஒன்றில் நின்றிருந்தார். கடை என்றால் சின்னதல்ல. சுவர் முழுக்க மடிக்கணினிகளைப் புத்தகம் அடுக்குவது போல அடுக்கியிருந்தார்கள்.

“அக்கா, ஒக்காந்துக்கோ. நின்னுகினு பாக்காத” என்று சொல்லிவிட்டு, ஒரு மடிக்கணினியின் விசைப்பலகையைப் போன் அருகே காட்டினார். பெரும்பாலான விசைகளில் ஸ்டிக்கரை யாரோ பிளேடால் சுரண்டி எடுத்திருந்தார்கள். சில எழுத்துகள் மட்டும் உரிந்து வரவில்லை. Q இருக்க வேண்டிய இடத்தில் ‘அ’ இருந்தது. அதன் மேல் நகப்பூச்சு மினுங்கியது.

என் கணவர் சத்தமாக, “இன்னாடி இது, நம்ம பள்ளிக்கூடத்துதா?” என்று கேட்டார்.

கடைக்காரர் அதை இயக்கிப் பார்த்தபோது புரியாத எழுத்து வந்ததால் தனியாக எடுத்து வைத்திருந்தாராம். இரண்டு நாளில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தருவதாகச் சொன்னாராம். அழிக்க வேண்டாம், அப்படியே கொடுங்கள் என்று தங்கை கேட்டிருக்கிறார். அதன் பிறகு அதை இயக்கினார்கள். திரையில் ‘ஏழாம் வகுப்பு’ என்று வந்தது. அது நான் தட்டச்சு செய்த பெயர். கடவுச்சொல்லை நான் இங்கிருந்து ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன், அங்கே தங்கை அழுத்தினார். திறந்துகொண்டது. அந்தச் சமயம் என் கை செதிலோடு வாயைப் பொத்தியிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

உள்ளே எங்கள் பிள்ளைகள் வரைந்த தென்னை மரங்களும் கொடிகளும் இருந்தன. ஒரு கட்டுரை இருந்தது. தங்கை அதைக் கடையில் நின்றபடியே உரக்கப் படித்தார். “எங்கள் ஊர் ஏரி மிகவும் பெரியது. மழை பெய்தால் கடல் போல இருக்கும்.” அதற்கு மேல் பிள்ளை எழுதவில்லை, மணி அடித்திருக்கும். கடைக்காரர் அவர் மொழியில் ஏதோ கேட்டார். இது எங்கள் ஊர்ப் பிள்ளை எழுதியது என்று தங்கை பதில் சொன்னதும் அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நான் பாகூர் ஏரிக்கரை வழியாகத்தான் தினமும் பள்ளிக்குப் போகிறேன். பிரான்ஸில் இருந்து எங்கள் ஊருக்கும், எங்கள் ஊரில் இருந்து அந்தத் தீவுக்கும் ஒரு பொருள் கடல் கடந்து போய், என் கூடப் பிறந்தவள் கையில் திறந்தது எப்படி என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது. மறுவாரம் பள்ளியில் பூகோள உருண்டையைச் சுழற்றி மூன்று இடத்திலும் விரல் வைத்துப் பார்த்தேன். விரல் எட்டவில்லை. இரண்டு கையும் வேண்டியிருந்தது.

அதன் பிறகு படங்கள் இருக்கும் இடத்தைத் திறக்கச் சொன்னேன். கடைசியில் மடிக்கணினியின் கேமராவில் எடுத்த சில படங்கள் இருந்தன. தேதி, களவு போனதற்கு அடுத்த வாரம். ஒரு சிறுமி நாக்கை நீட்டியும் கண்ணை உருட்டியும் தன்னைத் தானே எடுத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் கட்டிலின் மேல் அதே மாதிரி மடிக்கணினிகள் அடுக்கியிருந்தன. தரையில் உட்கார்ந்து ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் எங்கள் பள்ளிக்கு மேசை, பெஞ்சு ஏற்றி இறக்கும் லோடு வண்டி வைத்திருக்கும் சிங்காரவேலு. பொங்கலுக்கு முன்பு தேர்வு பெஞ்சுகளை மாற்றிப் போட வந்தவரும் அவர்தான். அவருக்குச் சாவி எப்படிக் கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. அந்தச் சிறுமி அவர் மகள், அப்போது எங்கள் பள்ளியில் நான்காம் வகுப்பு. கடவுச்சொல் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். இப்போது ஏழாம் வகுப்பில் என்னிடம் படிக்கிறாள்.

தங்கை அந்த மடிக்கணினியையும், அதே கடையில் அதே மாதிரி இருந்த இன்னும் நான்கையும் வாங்கி, உள்ளே இருந்த படங்களையும், அடியில் உள்ள வரிசை எண்களைப் படம் எடுத்தும் அனுப்பினார். பள்ளிப் பதிவேட்டில் இருந்த எண்களோடு அவை ஒத்துப்போயின.

அதன் பிறகு நானும் கணவரும் நல்லவாட்டுக்குப் போனோம். மணிபாரதி ஐஸ் கட்டியைச் சாக்கில் போட்டு உடைத்துக்கொண்டிருந்தார். போனில் இருந்த விசைப்பலகைப் படத்தைக் காட்டினேன். கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“டீச்சர், என் ஒட்டு இது. பிளேடு போட்டும் உரியல பாருங்க” என்றார். பிறகு, “எந்த ஊர் டீச்சர் இது?” என்று கேட்டார். சொன்னேன். அவர் திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாக்கில் இருந்த ஐஸ் உருகி எங்கள் காலடிக்கு வந்தது. யார் எடுத்தது என்று அவர் கேட்கவே இல்லை. நானாகத்தான் சொன்னேன்.

அதன் பிறகு மூவரும் காவல் நிலையம் போய்ப் படங்களையும் எண்களையும் ஒப்படைத்தோம். சிங்காரவேலு கைதானார். சென்னையில் ஒரு பழைய சாமான் வியாபாரியிடம் விற்றதாக அவர் ஒத்துக்கொண்டார் என்றும், பிரெஞ்சு விசைப்பலகை உள்ளவற்றை அந்த வியாபாரி தனியாகப் பிரித்து அந்த மொழி புழங்கும் நாடுகளுக்கு அனுப்புவது வழக்கம் என்றும் விசாரணை அதிகாரி என்னிடம் தெரிவித்தார். சரக்கு தன் மொழியைத் தேடிப் போயிருக்கிறது என்று சவரிராயன் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

கிடைத்த ஐந்து மடிக்கணினிகளும் வழக்குச் சொத்து என்பதால் திரும்ப இங்கே கொண்டுவர வேண்டுமா என்று நடுவர் அவர்கள் கேட்டதால் சொல்கிறேன். எங்கள் நிர்வாகம் அவை அங்கேயே இருக்கட்டும் என்று தீர்மானம் செய்திருக்கிறது. மணிபாரதியிடமும் கேட்டேன். “இன்னும் எத்தினி கடல்தான் டீச்சர் அதுங்க தாண்டும்? அங்கயாவது பசங்க தொடட்டும்” என்றார். தங்கையின் பள்ளியில் பிள்ளைகள் அவற்றில் படிக்கிறார்கள். நான் வீடியோவில் பார்த்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிங்காரவேலு கைதான பிறகு அவர் மகள் சில நாட்கள் பள்ளிக்கு வரவில்லை. சென்ற வாரம் திங்கட்கிழமை காலை வந்தவள், கேட்டுக்கு வெளியே பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். மற்றப் பிள்ளைகள் அவளைப் பார்த்துவிட்டு ஒதுங்கி உள்ளே போனார்கள். நான் அவளை அழைத்து வரப் படியிறங்கினேன். அதற்குள், தன்னை வேலைக்குத் திரும்ப வரச்சொல்லித் தலைமையாசிரியை கூப்பிட்டிருந்ததால் அங்கே வந்த மணிபாரதி, சைக்கிளை நிறுத்திவிட்டு அவள் அருகே போனார். அவர் யார் என்று அவளுக்குத் தெரியும். அழ ஆரம்பித்தாள்.

அவர் குனிந்து, “மணி அடிச்சிட்டாங்க பாரு. உள்ள போமா” என்றார். அவள் நகரவில்லை. அதன் பிறகு அவர் அவளுடைய பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். அவள் பின்னால் வந்தாள். வகுப்பு வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, அலுவலகத்துக்குப் போய்விட்டார். அன்றைய முதல் பாடவேளையில் நான் பாடம் நடத்தவில்லை. கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

அந்தக் குழந்தையின் பெயரை நான் இதில் வேண்டுமென்றே சொல்லவில்லை. சாட்சியாகக் கொடுத்துள்ள படத்தில் அவள் முகத்தை மறைத்துவிட்டுப் பின்னால் இருப்பதை மட்டும் நீதிமன்றத்தில் காட்டும்படி நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இதுவரை எழுதப்பட்டதை எனக்கு முழுதும் படித்துக் காட்டினார்கள். கண்டதைக் கண்டபடியும், பிறர் சொல்லிக் கேட்டதைக் கேட்டதென்றும் சொல்லியிருக்கிறேன். கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. சரியென்று கண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
அ. ஜெசிந்தா மேரி