சுவர் பூசிய இயந்திரம்

எனக்குக் காது நன்றாகக் கேட்கும். முப்பது வருஷம் நிட்டிங் மெஷின்களுக்கு நடுவில் நின்றவர்களில் பாதிப் பேருக்கு இந்நேரம் காது மந்தமாகியிருக்கும். எனக்கு ஆகவில்லை. எட்டு மெஷின் ஒன்றாக ஓடும்போது எதில் ஊசி முறிந்தது என்று வாசலில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவேன்.

ஐயா, சென்ற வருஷம் தை மாதம் உங்கள் ஸ்டேஷனில் நான் கொடுத்த வாக்குமூலத்தில், ஜெனரேட்டர் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறது. அதைத் திருத்துவதற்காகத்தான் இதை எழுதுகிறேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. காலையில் குளித்து, சாமி கும்பிட்டு, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் ரத்தினசாமி. வயது ஐம்பத்தாறு. திருப்பூரில் பனியன் துணி நிட்டிங் செய்து கொடுக்கும் சின்ன யூனிட் வைத்திருந்தேன். 2006இல் ஊரில் காலி மனை இருந்தவரெல்லாம் வீடு கட்டினார்கள். ஆள்தான் கிடைக்கவில்லை. இன்றைக்குக் கலவை சுமக்க வரும் பெண் நாளைக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜையில் உட்கார்ந்திருப்பாள். நிழல், டீ, வாரச் சம்பளம். வெயிலில் செங்கல் சுமக்க யார் வருவார்கள்? என் வீட்டு மாடிச் சுவர் ஐந்து மாதம் பூசாமலே நின்றது.

அந்தச் சமயத்தில்தான் திருமூர்த்தியைப் பார்த்தேன். மூலனூர்க்காரன். அப்பா முருங்கைக்காய் வியாபாரி. கோயமுத்தூரில் படித்துவிட்டு, பார்த்த வேலையையும் விட்டு, தாராபுரம் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகைக்குள் சுவர் பூசும் இயந்திரம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தான். தண்டவாளத்தில் நகரும் இரும்புத் தூண். அதில் ஏறி இறங்கும் ஒரு பெட்டி. பெட்டிக்குள் கலவையைக் கொட்டினால் அது கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே பூசும். உச்சிக்குப் போனதும் தானாக இறங்கி, ஓரடி நகர்ந்து, மறுபடி ஏறும். ஐந்து கொத்தனார் ஒரு நாள் செய்வதை அரை நாளில் முடிக்கும் என்றான். எனக்கு மெஷின் தெரியும். பார்த்தவுடன் இது ஓடும் என்று புரிந்துவிட்டது.

என் மெஷின்களில் மூன்றை விற்றேன். மனைவி சாரதாமணிக்குக் கணியூரில் அவள் அப்பா கொடுத்த மானாவாரிக் காடு இருந்தது, அதையும் விற்றோம். சொந்தத்தில் பதினொரு குடும்பம் என் முகத்தைப் பார்த்துப் பங்கு போட்டது. கம்பெனிக்கு முருகன் பெயரை வைத்தோம். நான் தினமும் கொட்டகைக்குப் போவேன். ஸ்பேனர்களைத் துடைத்து வைப்பேன், தண்டவாளத்துக்கு எண்ணெய் விடுவேன். சொந்த மகனிடம்கூட நான் அத்தனை பொறுமையாக இருந்ததில்லை.

வீரன் எங்களிடம் வேலைக்கு இருந்தவர். நாற்பது வயதிருக்கும். சாரத்தில் நின்று பெட்டிக்குள் கலவையைக் கொட்டுவதும், அது இறுகிவிட்டால் கையை விட்டுக் கிளறுவதும் அவர் வேலை. அதில் ஆபத்து இல்லாமல்தான் திருமூர்த்தி வடிவமைத்திருந்தான். பெட்டி ஓரத்தில் ஒரு சென்சார் உண்டு. அதை நாங்கள் கண் என்போம். மனிதக் கை அருகே வந்தால் அது பார்த்துவிடும், மெஷின் உடனே நிற்கும். வீரன் நூறு தடவை கை விட்டிருப்பார், நூறு தடவையும் நின்றது. முதல் மாதம் பயந்து பயந்து விட்டவர், பிறகு பார்க்காமலே விடுவார்.

ஒரே தொல்லை, சிமெண்ட் தூசி பட்டாலும் கண் ஏமாந்து நிறுத்திவிடும். ஒரு சுவருக்கு ஏழெட்டுத் தடவை. நின்றால் பெட்டியின் குழாய்க்குள் கலவை இறுகும். கழற்றிக் கழுவி மாட்ட அரை மணி நேரம்.

பெங்களூரில் இருந்து ஒரு பெரிய கட்டுமான நிறுவனத்தார் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். பிடித்துவிட்டால் இருபது மெஷின் எடுப்பார்கள். திருமூர்த்தி தயங்கினான்.

"ஏனுங்கண்ணா, இன்னொரு ஆறு மாசம் தள்ளிப் போட்டுக்கலாங்களா? தூசி பட்டா சும்மா சும்மா நின்னு போகுதுங்க. அவங்க முன்னால நின்னா மானம் போயிரும்."

"ஆறு மாசத்துல டாலர் என்ன ஆகுமோ, ஊர் என்ன ஆகுமோ தெரியாது கண்ணு. வரச் சொல்லு. நான் பாத்துக்கறேன்," என்றேன்.

நான் பார்த்துக்கொண்டேன். நிட்டிங் மெஷினிலும் இப்படித்தான். கதவு திறந்தால் மெஷின் நிற்பதற்கு ஒரு சுவிட்ச் வைத்திருப்பார்கள். அவசர ஆர்டர் என்றால் அதில் ஒரு துண்டு வயரை முறுக்கிவிடுவோம். பிறகு கதவு திறந்திருந்தாலும் ஓடும். ஊரில் இதைச் செய்யாத யூனிட் இல்லை. தைப்பூசம் கழிந்த நாலாம் நாள், விருந்தாளிகள் வரும் அன்று காலை, திருமூர்த்தி அவர்களை அழைத்துவர ரயில்வே ஸ்டேஷனுக்குப் போயிருந்தபோது, கண்ணுக்குப் போகும் இணைப்பில் விரல் நீள வயரைச் செருகினேன். இரண்டு நிமிஷ வேலை.

வீரனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் திருமூர்த்தியிடம் சொல்லியிருப்பார். அவன் வயரைப் பிடுங்கியிருப்பான். ஆகவே, யோசித்துத்தான் சொல்லாமல் இருந்தேன். அவர் அப்போது சாரத்தில் ஏறிக்கொண்டிருந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். "இன்னிக்கு நல்லா ஓடுமுங்களா சாமி?" என்று கேட்டார். நன்றாக ஓடும் என்றேன்.

நன்றாகத்தான் ஓடியது. கொட்டகைக்கு வெளியே பத்தடி உயரத்தில், மேலே கான்கிரீட் சன்ஷேடு நீட்டி, முப்பதடி நீளச் சுவர் ஒன்று கட்டியிருந்தோம். ஒரு தடவைகூட நிற்காமல் இருபதடி பூசியது. விருந்தாளிகள் நான்கு பேர். ஒருவர் பூசிய பக்கம் குனிந்து மட்டப்பலகையை வைத்துப் பார்த்து, தலையை ஆட்டினார். திருமூர்த்தி இங்கிலீஷில் விளக்கிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நான் சுவரின் மறுகோடியில், வீரன் நின்ற சாரத்துக்கு அருகில், சிவப்புப் பொத்தானில் கையை வைத்தபடி நின்றேன். மெஷினை நிறுத்தும் பொத்தான் அது ஒன்றுதான்.

கலவை இறுகியிருக்க வேண்டும். வீரன் வழக்கம்போலப் பெட்டிக்குள் கையை விட்டார். தோள் வரை விட்டார். பெட்டி நிற்கவில்லை. ஏறிக்கொண்டே இருந்தது. அவர் இழுத்துப் பார்த்தார், சட்டைக் கை சிக்கிக்கொண்டது. பெட்டி அவரையும் சேர்த்துத் தூக்கியது. மேலே சன்ஷேடு.

"சாமி, நிறுத்துங்க," என்றார்.

கத்தவில்லை. என்னிடம் எதையோ ஞாபகப்படுத்துவது போலத்தான் சொன்னார். இரண்டாம் தடவை கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். ஜெனரேட்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கு அது கேட்டிருக்காது. எனக்குத் தெளிவாகக் கேட்டது.

என் கை பொத்தானில்தான் இருந்தது. அழுத்தியிருக்கலாம். அழுத்தினால் மெஷின் நிற்கும். கலவை இறுகும். பெங்களூர்க்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இன்னும் மூன்றடி ஏறினால் அதுவே இறங்கிவிடும், தோளில் சிராய்ப்போடு போய்விடும் என்று ஒரு கணக்குப் போட்டேன். மூன்றாம் தடவை அவர் என் பெயரைச் சொன்னார். அதுவரை என் பெயரை அவர் சொன்னதே இல்லை. அப்போது அந்தக் கணக்கு தப்பு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் நேரம் இருந்தது. ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம். மட்டப்பலகை வைத்திருந்தவர் அந்த நேரத்தில்தான் நிமிர்ந்து திருமூர்த்தியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெட்டி உச்சியைத் தொட்டு, சரியாக இறங்கியது. பிறகுதான் எல்லாரும் ஓடி வந்தார்கள். அவர்கள் வீரனை இறக்கிக்கொண்டிருந்தபோது நான் பொத்தானை அழுத்தினேன். வயரை உருவி வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டேன்.

மற்றது உங்களுக்குத் தெரியும். பரிசோதித்தவர்கள் கண் சரியாக இணைந்திருந்தும் அன்று வேலை செய்யவில்லை, வடிவமைப்பில் குறை என்று அறிக்கை கொடுத்தார்கள். திருமூர்த்தியைக் கைது செய்தீர்கள். வீரன் குடிப்பாரா என்று நீங்கள் கேட்டபோது, அது பற்றித் தெரியாது என்று இழுத்தேன். தெரியும். குடிக்க மாட்டார்.

பதினாறாம் நாள் வீரன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி பழனாத்தாள் வாசலில் பாய் விரித்தாள்.

"நீங்கதான சாமி பக்கத்துல இருந்தீங்க. கடைசியா எதாச்சும் சொன்னாருங்களா?"

"இல்லம்மா. ஒண்ணும் சொல்லலை."

அவள் பாயின் ஓரத்தை நீவிவிட்டாள். பிறகு, "அப்ப வலி தெரியாமத்தான் போயிருக்காரு," என்றாள். அவளுக்கு அதில் ஓர் ஆறுதல் கிடைத்தது. நான் கொடுத்ததுதான் அது. இதைப் படித்துக் காட்டும்போது, அவளுக்கு அவர் கூப்பிட்ட இடத்தை மட்டும் விட்டுவிட முடியுமா என்று பாருங்கள்.

சாரதாமணியை அப்படி ஏமாற்ற முடியவில்லை. ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, பக்கத்து ஊட்டுல டம்ளர் உழுந்தாக்கூட எந்திரிச்சு உக்காருவீங்க. அந்த மனுசன் கூப்பிட்டது உங்களுக்குக் கேக்கலீங்களா?"

நான் மோர் கேட்டேன். ஊற்றினாள். மறுநாள் கணியூரில் அவள் தம்பி வீட்டுக்குப் போனவள் இன்னும் வரவில்லை. அங்கே இப்போது காடும் இல்லை.

திருமூர்த்தி ஜாமீனில் வந்து மூலனூரில் அப்பாவோடு முருங்கைக்காய் எடை போடுகிறான். போன வாரம் பார்க்கப் போயிருந்தேன். இளைத்துவிட்டான். "நான் அந்தக் கண்ணை நானூறு தடவை சோதிச்சுப் பாத்துட்டனுங்கண்ணா. எல்லாத் தடவையும் நிக்குது. அவரு கைக்கு மட்டும் எப்படி நிக்காமப் போச்சு? என் படிப்புதான் அந்த ஆளைக் கொன்னுருச்சுங்க," என்று அழுதான். வரைபடங்களைக் கொளுத்தப் போவதாகச் சொன்னான். ஒரு வாரம் பொறு என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டு வந்தேன். அந்தப் பையன் படும் பாட்டைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மனசாட்சி உள்ள யாரும் இருக்க மாட்டார்கள்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். கண்ணைக் கட்டியது நான். வீரன் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. பொத்தான் என் கைக்குக் கீழே இருந்தது. நான் அழுத்தவில்லை. வீரனைக் கொன்றது நான்தான், திருமூர்த்தி அல்ல. அந்த வயரை இத்துடன் உறையில் வைத்திருக்கிறேன். என்ன தண்டனை கொடுத்தாலும் மறுக்க மாட்டேன், வக்கீல் வைக்கவும் போவதில்லை.

ஒரே ஒரு விண்ணப்பம். மெஷினில் குறை இல்லை, கை விட்ட ஒவ்வொரு தடவையும் அது நின்றது, அன்றும் நின்றிருக்கும் என்பதைத் தனித் தாளில் எழுதி, முத்திரை வைத்து, திருமூர்த்தியிடம் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். வடிவமைப்பில் பிழையில்லை என்று காகிதம் இருந்தால் கம்பெனியை மொத்தமாக வாங்கிக்கொள்கிறோம் என்று பெங்களூர்க்காரர்கள் மறுபடி கேட்டிருக்கிறார்கள். பதினொரு குடும்பமும் பிழைத்துக்கொள்ளும். பழனாத்தாளுக்கும் ஏதாவது செய்யலாம் என்று மனதில் வைத்திருக்கிறேன். கொஞ்சம் சீக்கிரம் செய்தால் நல்லது ஐயா, அவர்கள் இந்த மாதக் கடைசி வரைதான் காத்திருப்பார்கள்.